ஆறு பிளாப்பிக்கும் பொட்டு வைத்தேன்

கம்ப்யூட்டரிலிருந்து சந்தன வாசம் வந்தது.

விஜயதசமி காலை. ஆயுத பூஜைக்கு ஓய்வு கொடுத்த சாமான்களை அன்றைக்குத்தான் மறுபடி கையில் எடுப்போம். வாசலில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. பொரியும் கடலையும் பட்டறைத் தரையில் சிதறிக் கிடந்து காலில் நெரிபட்டன. நான் வேட்டியை மடித்துக் கட்டி, பேலன்ஸிங் மிஷினின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிளாப்பியை அதன் வாயில் தள்ளி, சுவிட்சைப் போட்டேன்.

வழக்கமாக இரண்டு முறை உறுமும். பிறகு பச்சை எழுத்து வரும். அன்றைக்கு உறுமவில்லை. தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் இல்லை. இன்னொரு பிளாப்பியைப் போட்டேன். அதே துருவல்.

பின்னால் மாடசாமி மூக்கை உறிஞ்சினான். என்னிடம் முப்பது வருஷமாக மோட்டாருக்கு வைண்டிங், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, கட்டுகிறவன். என்னை மொதலாளி என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுகிற உரிமை அவன் ஒருத்தனுக்குத்தான்.

"என்ன மொதலாளி, கம்ப்யூட்டருக்குள்ள கோயில் கட்டிட்டீயளா? சந்தனம் மணக்கு."

"சும்மா கெடலே."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. காயல்பட்டினத்து உவைஸ் இறங்கினார். வண்டியின் பின்னால் சாக்கு சுற்றிய ரோட்டர், அதாவது மோட்டாருக்குள் சுழலுகிற உருளை. அதைச் சரி செய்து தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டருக்குள் சந்தனம் எப்படிப் போயிற்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மோட்டார் நெற்றியில் படித்த இங்கிலீஷ்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் படிப்பு தெரியும். ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆற்றங்கரையில். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஐந்தாம் வகுப்புப் படித்தவர் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறீர்களே, நம்பலாமா?" நம்பலாம் தாயே. தச்சநல்லூரில் வந்து யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது மோட்டார். ஒவ்வொரு மோட்டாரின் உடம்பிலும் ஒரு பித்தளைத் தகடு அறைந்திருக்கும். குதிரைசக்தி, வோல்ட், ஆம்பியர், சுற்று எல்லாம் அதில் இருக்கும். பதினாலு வயதில் தகட்டைத் துடைக்கிற வேலை எனக்கு. துடைத்துத் துடைத்தே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருபது வயதில் சொந்தப் பட்டறை. கடையநல்லூர் முதல் கூடங்குளம் வரை எரிந்துபோன மோட்டார் என்றால் என்னிடம்தான் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெசவு ஆலையை மூடினார்கள். அங்கே ஒரு பேலன்ஸிங் மிஷின் இருந்தது. சுற்றுகிற சாமான் ஒரு பக்கம் பாரம் கூடி ஆடினால், எந்த இடத்தில் எத்தனை கிராம் ஒட்டவேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்லும். ஏலத்தில் எல்லோரும் தறியையும் இரும்பையும் எடுத்தார்கள். நான் மிஷினை எடுத்தேன்.

அதோடு ஒரு கம்ப்யூட்டரும் ஒட்டிக்கொண்டு வந்தது. டாஸ் என்கிற பழைய காலத்துச் சாமான். ஹார்ட் டிஸ்க் கிடையாது. உள்ளங்கை அகலத்தில், கறுப்பாக, வளைகிற பிளாப்பியைப் போட்டால்தான் உயிர் வரும். அந்த ஒரு பிளாப்பிக்குள்தான் மிஷினின் மூளையே இருந்தது.

"இத ஓட்டணும்னா இன்ஜினியர் வேணுமே அண்ணாச்சி," என்றார் ஆலையில் சாவி வைத்திருந்தவர்.

"நான் எதுக்குவே இருக்கேன்?" என்றேன்.

கேட்டதைச் செய்யும்

மிஷின் வந்து முதல் மூன்று மாதம் அந்தக் கறுப்புத் திரை என்னைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒரு எழுத்து, ஒரு கோடு. வேறு எதுவும் பேசாது. ஆலைக்காரர் கொடுத்த சுருள் கம்பிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அடித்துப் பார்த்தேன். 'டிர்' என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து அடித்து ஒரு தட்டுத் தட்டினேன். மளமளவென்று பட்டியல் விழுந்தது! உள்ளே என்னென்ன இருக்கிறதென்று அதுவே வாய்விட்டுச் சொல்லுகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை. என் மனைவி செண்பகம் இந்தத் தொடரைப் படிக்கிறாள், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்கு டாஸ் ஏன் பிடித்தது தெரியுமா? கேட்டதைச் செய்யும். கேட்காததைச் செய்யாது. தப்பாகக் கேட்டால், தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். என்னிடம் வேலை பார்த்த மனுஷர்களில் அப்படி ஒருத்தரும் கிடையாது.

கட்டளைகளை எனாமல் பெயின்ட்டால் பட்டறைச் சுவரில் தமிழில் எழுதினேன். 'காப்பி - பிரதி எடுக்க.' 'டெல் - அழிக்க, ஜாக்கிரதை.' அந்த ஜாக்கிரதை பின்னால் சேர்த்தது. ஒருநாள் எல்லாவற்றையும் அழிக்கிற கட்டளையைத் தெரியாமல் அடித்துவிட்டேன். நிச்சயம்தானா என்று இங்கிலீஷில் கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று ஆமாம் போட்டேன். போயிற்று. நல்லவேளை, அது பிரதியில். ஆலையிலிருந்து வந்த தாய்ப் பிளாப்பி பத்திரமாக இருந்தது. அன்றைக்கே ஐந்து பிரதி எடுத்தேன். தாயோடு சேர்த்து ஆறு.

அத்தோடு விட்டேனா? மேலப்பாளையத்தில் பழைய சாமான் கடையில் இன்னொரு டாஸ் கம்ப்யூட்டர் கிடந்தது. இதற்கு ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொழிலுக்கு இல்லை, ஆசைக்கு. காலை இட்லி ஆனதும் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்காருவேன். சுவிட்சைப் போட்டதும் செண்பகத்தின் பேரை நட்சத்திரப் புள்ளியால் எழுதிக் காட்டுகிற மாதிரி நானே கட்டளை எழுதி வைத்திருக்கிறேன்.

"எம் பேரு அதுல ஓடுறது இருக்கட்டும். கேஸ் தீந்துட்டு, போன் பண்ணுங்க," என்பாள்.

என் மகள் பெங்களூரில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஒருமுறை லீவில் வந்தவளை அதன் முன்னால் உட்கார வைத்தேன். மவுஸ் எங்கே என்று தேடினாள். "இது எனக்குத் தெரியாதுப்பா," என்று எழுந்துவிட்டாள். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

அம்மனுக்கு வஞ்சனை செய்யக்கூடாது

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் ஒரு சாமானும் விடுபடாது. சுத்தியல், ஸ்பானர், லேத், தராசு, டீ வாங்குகிற தூக்குவாளி வரை சந்தனமும் குங்குமமும் உண்டு. ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தால் விட்டது கோபித்துக்கொள்ளும் என்பது எங்கள் கணக்கு.

போன வருஷம் வரை பிளாப்பிகளை டப்பாவோடு வைத்து, டப்பாவின் மேல் பொட்டு வைத்தேன். இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை. டப்பாவா வேலை செய்கிறது? உள்ளே இருப்பதல்லவா வேலை செய்கிறது! ஒவ்வொரு பிளாப்பியாக உறையிலிருந்து எடுத்தேன். அதன் கறுப்பு அட்டையில் நீளமாக ஒரு ஜன்னல் இருக்கும். அதன் வழியாக உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு மினுங்கும். நெற்றி மாதிரியே இருந்தது. அங்கே வைத்தேன் பொட்டு. சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம். பிரதிகளுக்குச் சின்னது. தாய்ப் பிளாப்பிக்குப் பெரியது.

அந்த ஜன்னலில் விரல் படக்கூடாது என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. எனக்கும் தெரியும். விரல்தானே படக்கூடாது, பூஜைக்கு என்ன என்று தோன்றிவிட்டது.

ஆறையும் சாமி முன்னால் பரப்பி வைத்துச் சூடம் காட்டினேன். ஒன்றையாவது மறந்து தொலைத்தேனா? இல்லை. நான் எதையும் முழுசாகச் செய்கிறவன்.

உவைஸின் ஞாயிற்றுக்கிழமை

உவைஸ் இருபது வருஷம் சவுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு, அவ்வளவுதான் குடும்பம். இனிப் போகக்கூடாது என்று ஊருக்குப் பக்கத்திலேயே கடற்கரையில் ஒரு ஐஸ் பேக்டரி போட்டார். மீன்பிடிக்கிற படகுகளுக்கு ஐஸ் கட்டி. ஐஸைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

ஆனால் பெரிய மோட்டார் எரிந்தது. நான் புது வைண்டிங் கட்டிக் கொடுத்தேன். ஓடியது, ஆடிக்கொண்டே ஓடியது. வாரத்துக்கு ஒரு பேரிங் உடைந்தது. ரோட்டரைப் பேலன்ஸ் செய்தால்தான் ஆட்டம் நிற்கும். பூஜை முடிந்ததும் கொண்டுவாரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஆயிருமா?" என்றார், வண்டியிலிருந்து இறங்கினதுமே. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சவுதில மொதலாளிக்குப் பதில் சொல்லணும். வாரியா இல்ல வேற ஆளப் போடவான்னு கேட்டுட்டாவ. படகுக்காரங்களும் இனி பொறுக்க மாட்டாங்க. மோட்டார் ஆடாம ஓடுனா நான் ஊர்ல நிப்பேன். இல்லன்னா திரும்ப பிளேன் ஏற வேண்டியதுதான்."

"அதுக்கென்ன, ஆயிரும்," என்றேன். "கரண்டு சரியில்ல. அதான் பாக்கேன்."

மாடசாமி மேலே பார்த்தான். மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

உவைஸும் மேலே பார்த்தார். ரோட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமாகிறது, தொழுதுவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். அந்த நடையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தேன். உண்மையைச் சொன்னேன். ஆறு பிளாப்பி, ஆறு பொட்டு, இரண்டை உள்ளே போட்டுத் தேய்த்துக் கெடுத்தாயிற்று, மிச்சம் நாலு.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"அண்ணாச்சி, மோட்டார் எப்படி எரிஞ்சுதுன்னு உங்ககிட்ட நான் சொல்லல. எங்க உம்மா ஓதி ஊதின தண்ணிய அது தல மேலயே ஊத்திட்டாங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது."

"மொதலாளி," என்றான் மாடசாமி, "ரெண்டு சாமியும் சேந்துதான் இவர பிளேன் ஏத்தப் பாக்கு."

வெள்ளத்து மோட்டாருக்குச் செய்வது

பள்ளிவாசலுக்கு உவைஸ் போன பிறகு யோசித்தேன். தண்ணீர் என்றதும்தான் மண்டையில் பொறி தட்டியது.

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது எங்கள் பட்டறைக்கு நூற்றுக்கணக்கில் மோட்டார் வந்தது. எல்லாம் சேற்றில் ஊறியவை. மற்ற பட்டறைக்காரர்கள் வைண்டிங்கை வெட்டிப் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். நான் வெட்டவில்லை. சேறு என்பது அழுக்கு, காயம் இல்லை. நல்ல தண்ணீரில் பையக் கழுவி, நிழலில் உலர்த்தி, வார்னிஷ் கொடுத்தேன். பத்துக்கு ஏழு பிழைத்தது.

பிளாப்பிக்கும் அதுதானே? சந்தனம் அழுக்கு. காயம் இல்லை. சுற்றித் தேய்த்தால்தான் காயம்.

முதலில் கம்ப்யூட்டரைத் திறந்து, பிளாப்பியைப் படிக்கிற முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. பிறகு, பக்கத்துக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் இரண்டு கேன் வாங்கினேன். ஒரு பிரதியின் அட்டையைப் பிளேடால் ஓரமாகக் கீறி, உள்ளே இருந்த தகட்டை எடுத்தேன். அப்பளத்தை விட மெலிசு. துளி சோப்பு போட்டு, விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் கழுவினேன். ஈர்க்குச்சியில் கோத்து நிழலில் தொங்கவிட்டேன். இப்படி மூன்று பிரதி. தாய்ப் பிளாப்பியில் மட்டும் எனக்குக் கை வரவில்லை. அதில் பிளேடு பிசகினால் மிஷின் பழைய இரும்பு.

செண்பகம் வந்து பார்த்தாள்.

"வத்தல் போட்டிருக்கீயளா?"

"தொடாத. உவைஸு குடும்பம் அதுல காயுது."

அவள் உள்ளே போய், காக்கா வராமல் பார்த்துக்கொள்ளக் கையில் விசிறியோடு வந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் என் கம்ப்யூட்டர் வேலைக்கு அவள் செய்த முதல் உதவி.

மறுபடி, மறுபடி

சனிக்கிழமை காலை, வீட்டுக் கம்ப்யூட்டர். உவைஸும் மாடசாமியும் என் முதுகுக்குப் பின்னால்.

ஒரு வெற்றுப் பிளாப்பியின் அட்டையைக் கீறிக் காலி செய்து, கழுவின தகட்டை அதற்குள் சொருகினேன். மிஷினுக்கு வேண்டியது ஏழு ஃபைல். ஹார்ட் டிஸ்க்குக்குள் மொத்தமாகப் பிரதி எடுக்கச் சொன்னால் ஒரு இடத்தில் தடுக்கினாலும் எல்லாம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்டேன். இங்கேதான் டாஸ் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம்.

முதல் தகட்டில் ஐந்து ஃபைல் வந்தது. ஆறாவதில் நின்றது. பொட்டு விழுந்த இடம் போலிருக்கிறது. ஆனால் நான் என்ன ஸ்கேல் வைத்தா பொட்டு வைத்தேன்? ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே. இரண்டாவது தகட்டில் அந்த ஆறாவது ஃபைல் சுகமாக வந்தது. உவைஸ் என் தோளை அழுத்தினார்.

ஏழாவது எதிலும் வரவில்லை. மூன்றாவது தகட்டிலும் இல்லை. அதில்தான் எங்கள் மிஷினுக்கே உரிய அளவுகள் இருந்தன. அது இல்லாமல் மற்ற ஆறும் இருந்து பயனில்லை.

மிச்சம் தாய்ப் பிளாப்பி.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றார் உவைஸ். "அதுவும் போச்சுன்னா உங்க தொழில் போயிரும். நான் பிளேன் ஏறிக்கிடுதேன். இருபது வருஷம் இருந்தாச்சு, இன்னும் பத்து வருஷம்."

அந்தப் பத்து வருஷத்தை அவர் சொன்ன விதம்! பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் என்பது போலச் சொன்னார். நான் பிளேடை எடுத்தேன்.

கீறினேன். கழுவினேன். உலருகிற வரை மூன்று பேரும் வாசலில் நின்று டீ குடித்தோம்.

உள்ளே போட்டு ஏழாவது ஃபைலைக் கேட்டேன். படிக்க முடியவில்லை என்றது. பிறகு எப்போதும் கேட்கிற அந்த மூன்று கேள்வி: நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, தோற்றதாக வைத்துக்கொள்ளவா? 'ஆர்' எழுத்தைத் தட்டினேன். மறுபடி. முடியவில்லை என்றது. மறுபடி. படிக்கிற முனை போய்ப் போய்த் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி. உவைஸ் வாய்க்குள் ஓத ஆரம்பித்தார்.

"விட்டுரும் மொதலாளி," என்றான் மாடசாமி.

"ஏலே, இது மனுஷன் மாதிரி இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு நின்னுரும். இன்னும் கேக்குதுல்லா? அப்போ இன்னும் வழி இருக்கு."

விரல் வலிக்கிற வரை தட்டினேன். எத்தனை தடவை என்று மாடசாமி எண்ணினான். முப்பதுக்கு மேல் அவனுக்கும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திடீரென்று சத்தம் மாறியது. உறுமல். பழைய உறுமல்.

ஒரு ஃபைல் காப்பி ஆயிற்று என்று வந்தது. அவ்வளவுதான் சொன்னது. டாஸ் ஒருநாளும் அலட்டிக்கொள்ளாது. அந்தக் குணம் மட்டும் எனக்கு வரவில்லை. நான் எழுந்து ஆடினேன். எழுபத்தொரு வயதில், கைலி கட்டிய ஒரு காயல்பட்டினத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, தச்சநல்லூரில் ஆடினேன்.

நின்றது நாணயம்

ஏழு ஃபைலையும் புதுப் பிளாப்பியில் ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ரோட்டரை மிஷினில் ஏற்றிச் சுற்றிவிட்டோம். எந்தக் கோணத்தில் எத்தனை கிராம் என்று பச்சை எழுத்தில் சொன்னது. அங்கே வாஷர் வைத்துப் பற்றவைத்தோம். அந்தப் பிளாப்பிக்கு மறுபடி பத்துப் பிரதி எடுத்தேன். இரண்டு என் மகளுக்குக் கூரியரில் போயிருக்கின்றன. "இத வச்சு நான் என்னப்பா பண்ண?" என்றாள். "பொட்டு வைக்காம இரு, அது போதும்," என்றேன். இப்போது போனில் என்னிடம் டாஸ் பாடம் கேட்கிறாள். கழுவின கதையை ஆபீஸில் சொன்னாளாம், ஒருத்தரும் நம்பவில்லையாம்.

ஞாயிறு காலை ஐஸ் பேக்டரிக்கு நானும் போனேன். கடல்காற்றில் உப்பு. கதவோரம் உவைஸின் உம்மா நாற்காலியில் இருந்தார்கள். கையில் ஒரு செம்பு.

"உம்மா, அத அங்கன தூர வைங்க," என்றார் உவைஸ்.

சுவிட்சைப் போட்டார். மோட்டார் எழுந்தது. நான் சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ஓடுகிற மோட்டாரின் தலை மேல் விளிம்பில் நிறுத்தி வைத்தேன். கையை எடுத்தேன். நின்றது. உம்மாவோடு சேர்த்து மூன்று பேரும் பார்த்தோம். அது பாட்டுக்கு நின்றது.

உவைஸ் வெளியே போய்ப் போன் போட்டார். அரபியில் பேசினார். சண்டை இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. போனை வைத்தார். பிறகு வீட்டுக்குப் போட்டார். அது எனக்கு விளங்கியது.

"நான்தான். பெரிய பெட்டிய பரண்ல தூக்கி வச்சிரு. ஆமா. நல்லா உள்ள தள்ளி வையி."